அம்மாவின் ‘லைட்டு பில்லு’



‘மின்சாரச் சிக்கனம்’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னால், மாணவர்கள் எழுதும் முதல் கருத்து என்னவாக இருக்கும் என்பதைத் தாளைப் பார்க்காமலேயே என்னால் சொல்லிவிட முடியும். ‘பயன்படுத்தாத வேளையில் விளக்குகளை அணைத்துவிட வேண்டும்.’ இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த வரிக்குச் சரி போட்டு வந்திருக்கிறேன். 2021ஆம் ஆண்டில் அகற்றப்பட்ட யு.பி.எஸ்.ஆர். தேர்வுக்கு மாணவர்களைத் தயார்ப்படுத்திய காலத்தில், இதே வரியை நானே கரும்பலகையில் எழுதிப்போட்டு மனனம் செய்யவும் சொல்லியிருக்கிறேன். அந்த வரியில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால், அதை நானும் முழுமையாக நம்பியதால் என் வீட்டில் நடந்த ஒன்றை எழுதிவிட வேண்டும் என்று நெடுநாளாக எண்ணம். இன்றுதான் கை வந்தது.

2017ஆம் ஆண்டின் நடுப்பகுதி. சுங்கைப்பட்டாணியில் எங்கள் தாமான் வீட்டுக்கு வந்த மின்கட்டணச் சீட்டு 190 ரிங்கிட்டைத் தாண்டியிருந்தது. பயன்பாடு 520 அலகு. வீட்டுத் தவணை, வாகனத் தவணை, பிள்ளைகளின் பிரத்தியேக வகுப்புக் கட்டணம் எல்லாம் ஒரே வாரத்தில் கழுத்தை நெரிக்கும் மாதம் அது. பள்ளியிலிருந்து களைத்து வந்தவள், சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரவேற்பறையில் நின்றபடி சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

“இந்த வீட்டுல யாரு இவ்ளோ லைட்டு போடுறது?”

பிள்ளைகள் இருவரையும் பார்த்துத்தான் கேட்டேன். அடுக்களையில் அம்மா இருந்தார்.

அப்பா 2015இல் மறைந்த பிறகு அம்மா எங்களோடு வந்து தங்கினார். வரும்போது இரண்டு துணிப்பைகளையும் ஒரு குளிர்பெட்டியையும் கொண்டு வந்தார். குளிர்பெட்டியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மறுநாளிலிருந்து வீட்டில் விளக்குகள் அடங்கத் தொடங்கின. மாலை ஏழரை மணிக்கு நான் வகுப்பு முடிந்து திரும்பினால் வீடு இருட்டாக இருக்கும். சாமி மேடையில் ஏற்றிய அகல்விளக்கின் வெளிச்சத்தில் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். “ஏம்மா இருட்டுல?” என்றால், “கண்ணு பழகிருச்சு” என்பார். நானும் அதற்குமேல் கேட்கவில்லை. உண்மையைச் சொல்வதென்றால், உள்ளூர எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. அடுத்த மாதச் சீட்டு குறைந்து வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது 512 அலகு. எட்டே அலகு குறைவு!

பால்மரம் வெட்டிய பழக்கம் அம்மாவை விடவில்லை. அறுபத்தெட்டு வயதிலும் காலை நான்கு மணிக்கு எழுந்துவிடுவார். பிரட்டுக் களத்துக்குப் போவதற்காக எழுந்த எழுச்சி அது. ஓய்வு பெற்று இருபது ஆண்டு ஆன பின்னும் உடம்புக்குள் மணியடித்துக்கொண்டிருந்தது. அப்படி ஒரு விடியற்காலையில் குளியலறையில் விழுந்துவிட்டார். சத்தம் கேட்டு ஓடிப்போய் விளக்கைப் போட்டபோது வலது மணிக்கட்டைப் பிடித்தபடி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

மருத்துவரிடம், “கால் வழுக்கிருச்சு” என்று மட்டும் சொன்னார். வீட்டுக்குத் திரும்பும் வழியில், பின்னிருக்கையிலிருந்து என் இளைய மகன்தான் சொன்னான்.

“பாட்டி பாத்ரூம்ல லைட் போடவே மாட்டாங்கம்மா. நீங்கதான அன்னிக்கு ஏசுனீங்க.”

கணவர் வண்டியைச் செலுத்திக்கொண்டிருந்தார். யாரும் பேசவில்லை.

அந்தக் குளியலறையில் இருந்தது 9 வாட் எல்.இ.டி. விளக்கு. அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாளுக்குப் பத்து நிமிடம் எரிந்தால், மாதம் முழுவதற்கும் ஓர் அலகில் நூற்றில் ஐந்து பங்குகூட ஆகாது. அன்றைய கட்டணத்தில் எங்கள் பயன்பாடு தொட்ட மேல்படியில் வைத்துப் பார்த்தாலும் இரண்டரை காசுக்கும் குறைவு. மாதத்துக்கு இரண்டரை காசு! ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் பெருக்கலும் தசமமும் சொல்லிக்கொடுக்கும் நான், இந்தக் கணக்கை அம்மாவின் கை முறிந்த பிறகுதான் போட்டுப் பார்த்தேன்.

அம்மாவுக்கு மின்கட்டணச் சீட்டு என்றைக்கும் ‘லைட்டு பில்லு’தான். நம்மில் பலரும் அப்படித்தானே சொல்கிறோம்? மலாய்க்காரர்கள் ‘பில் அப்பி’ என்கிறார்கள், நெருப்புச் சீட்டு! எந்த மொழியில் சொன்னாலும் வெளிச்சத்துக்குத்தான் காசு என்பது போலவே பொருள்படுகிறது. அம்மாவின் வாழ்க்கையைப் பொறுத்தவரை அது பிழையும் அன்று.

கோலக்கெட்டில் பக்கத்தில் ஒரு தோட்டத்தில்தான் நாங்கள் பிறந்து வளர்ந்தோம். எழுபதுகளில் எங்கள் லயத்துக்கு வெளியிலிருந்து மின்கம்பி வரவில்லை. ஸ்டோருக்குப் பக்கத்துக் கொட்டகையில் தோட்டத்துக்குச் சொந்தமான டீசல் இயந்திரம் ஒன்று இருந்தது. மாலை ஆறரைக்கு ‘டக் டக்’ என்று அது கிளம்பினால் வீட்டுக்கு இரண்டு விளக்கு எரியும். முன்கூடத்தில் ஒன்று, அடுக்களையில் ஒன்று. இரவு பத்து மணிக்கு இயந்திரம் நின்றுவிடும். நிற்பதற்குச் சற்று முன்னால் விளக்குகள் ஒருமுறை கண் சிமிட்டும். அந்தச் சிமிட்டலைக் கண்டதும் அம்மா தீப்பெட்டியைத் தேடி மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றுவார். நானும் அண்ணனும் மிச்சமிருக்கும் வீட்டுப்பாடத்தை அந்தப் புகையில் முடிப்போம். எங்கள் லயத்தில் மின்விசிறி கிடையாது, மின்சட்டி கிடையாது. தொலைக்காட்சி வைத்திருந்த ஒரே வீட்டுக்காரரும் கார் பேட்டரியில்தான் அதை ஓட்டினார். பேட்டரி தீர்ந்தால், மிதிவண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு பட்டணத்துச் சீனர் கடைக்குப் போய் மின்னேற்றி வருவார். அந்த உலகத்தில் மின்சாரம் என்றால் விளக்கு. விளக்கு என்றால் மின்சாரம். அதை மிச்சம் பிடிப்பது என்றால் அணைப்பது.

இடையில் ஒரு செய்தி சொல்ல வேண்டும். இந்த நாட்டில் மின்னாக்கி நிறுவப்பட்டதற்கான மிகப் பழைய பதிவு 1894ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சிலாங்கூர், ரவாங்கில் ஈயச் சுரங்கத் தொழிலுக்காக அதை நிறுவியவர்கள் இருவர். ஒருவர் லோக் இயூ. மற்றவர் நம்மவரான தம்புசாமிப் பிள்ளை. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகளின் முகம் மலரும். அதற்குப் பிறகு எண்பது ஆண்டு கழித்தும் அம்மா தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்வேன். மத்திய மின்சார வாரியம் 1949இல் அமைந்து, 1965இல் எல்.எல்.என். என்று பெயர் மாறி, 1990இல் தெனாகா நேஷனல் ஆனது. அம்மா இன்றும் ‘எல்லென்’ என்றுதான் சொல்கிறார்.

மாவுக்கட்டுப் போட்ட இரண்டாவது வாரம். நமது மாநிலத்தில்தான் வெள்ளிக்கிழமை விடுமுறையாயிற்றே, அன்று பிற்பகல் ஒரு சோதனை செய்து பார்த்தோம். எங்கள் மீட்டர் அப்போது பழைய சக்கர வகை. கண்ணாடிக்குள் ஓர் அலுமினியத் தட்டு சுழலும். அதன் விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு இருக்கும். ஓர் அலகுக்கு 400 சுற்று என்று முகப்பிலேயே எழுதியிருந்தது. அம்மாவை வாசலில் ஒரு நாற்காலியில் மீட்டருக்கு எதிரே உட்கார வைத்தேன். மூத்தவள் கைக்கடிகாரத்தோடு நின்றாள். இளையவன் சுவிட்சுகளுக்குப் பொறுப்பு. முதலில் வீட்டில் எல்லாவற்றையும் அணைத்தோம். சக்கரம் நின்றது.

குளியலறை விளக்கை மட்டும் போட்டோம். ஐந்து நிமிடம் பார்த்தோம். கறுப்புக் கோடு நகர்ந்ததா இல்லையா என்று பிள்ளைகளுக்குள் வாக்குவாதமே வந்துவிட்டது. பிறகு வீட்டிலுள்ள எல்லா விளக்குகளையும் சேர்த்துப் போட்டோம். ஒரு சுற்றுக்கு முக்கால் நிமிடம் ஆயிற்று.

விளக்குகளை அணைத்துவிட்டுத் துணி தேய்க்கும் பெட்டியைப் போட்டோம். நிமிடத்துக்கு எட்டுச் சுற்று.

அடுத்தது குளியலறை வெந்நீர்க் கருவி. சக்கரம் பறந்தது! இரண்டரை விநாடிக்கு ஒரு சுற்று. மூத்தவளால் எண்ணவே முடியவில்லை. அதில் பத்து நிமிடம் குளித்தால் அரை அலகுக்கு மேல். அந்தக் குளியலறை விளக்கை ஏறக்குறைய இரண்டே முக்கால் நாள் அணைக்காமல் எரிய விட்டால் எவ்வளவு ஆகுமோ, அவ்வளவு. காலையும் மாலையும் வெந்நீரில் குளிப்பவள் நான்தான். அம்மாவோ பச்சைத் தண்ணீரில் குளிப்பவர்.

அம்மா சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“அப்ப நான் இருட்டுல கெடந்தது ஒன்னுக்கும் ஆவலியா?”

நான் என்ன சொல்ல?

அன்று கிடைத்த எண்களை வைத்து மாதக் கணக்கை எழுதினேன். எங்கள் அறையின் குளிர்சாதனம் இரவு எட்டு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 140 அலகு. விசிறிகள் நான்கும் சேர்ந்து 100க்குச் சற்று மேல். வெந்நீர் 70. துணி தேய்ப்பது 27. நாள்தோறும் காலையில் ஒவ்வொருவருக்கும் ஒரு சட்டை என்று பெட்டியைச் சூடாக்கிக்கொண்டிருந்தோம். விளக்குகள் அத்தனையும் சேர்ந்து 30. சட்டி, கெண்டி, துணி துவைக்கும் இயந்திரம், தொலைக்காட்சி எல்லாம் சேர்ந்து ஓர் அறுபது.

விளக்குகள் இவ்வளவு குறைவாக உண்பதற்கு ஒரு காரணம் உண்டு. பழைய குண்டு விளக்கு 60 வாட்டில் தரும் வெளிச்சத்தை எல்.இ.டி. 9 வாட்டிலோ அதையொட்டியோ தந்துவிடுகிறது. நீல ஒளி தரும் எல்.இ.டி.யை உருவாக்கிய அக்காசாகி, அமானோ, நாக்காமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபெல் பரிசு கிடைத்தது. அந்த நீலம் வந்த பிறகுதான் வீட்டு விளக்குக்குரிய வெள்ளை ஒளி கைகூடியது. உலகம் விளக்கின் செலவைக் குறைத்துவிட்டது. நமது வசவுகள்தாம் இன்னும் குண்டு விளக்குக் காலத்திலேயே நிற்கின்றன.

மிச்சம் ஏறத்தாழ 90 அலகு. அது குளிர்பெட்டி.

இப்போது அதைச் சொல்லியாக வேண்டும். 1998இல் அப்பா ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றுத் தோட்டத்தை விட்டு வெளியேறினார். ஊழியர் சேமநிதிப் பணம் வந்ததும் முதலில் வாங்கிய பொருள் அந்த இரண்டு கதவுக் குளிர்பெட்டி. நாற்பது ஆண்டு உழைப்பில் அம்மாவுக்கென்று அவர் வாங்கிக் கொடுத்த பெரிய பொருள் அது ஒன்றுதான். லாரியிலிருந்து அதை இறக்கிய நாளில் அம்மா அதற்குத் திருநீறு பூசிப் பொட்டு வைத்தார். எங்கள் வீட்டுக் குளிர்பெட்டி பழுதானபோது, “எதுக்குப் புதுசு? இதுதான் இருக்கே” என்று அதையே தந்தார்.

பத்தொன்பது வயதுப் பெட்டி. கதவு ஓர ரப்பர் விறைத்துப் போயிருந்தது. ஒரு தாளை வைத்துக் கதவை மூடி இழுத்தால், தாள் தடையின்றி வெளியே வந்தது. பிடிப்பு இருந்தால் தாள் அப்படி வராது; நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். மீட்டரில் அதற்கு நிமிடத்துக்கு ஒரு சுற்றுதான், பெரிய வேகமில்லை. ஆனால் நல்ல பெட்டி சற்று ஓடிச் சற்று ஓய வேண்டும். இது ஓயவே இல்லை. நாளெல்லாம், நாங்கள் பள்ளியில் இருக்கும்போதும், உறங்கும்போதும் ஓடிக்கொண்டே இருந்தது.

வெந்நீரைக் குறைத்தோம். குளிர்சாதனத்தை 25 பாகையில் வைத்து, நான்கு மணி நேரத்தில் தானாக நிற்கும்படி செய்தோம்; பிறகு விசிறியே போதுமாக இருந்தது. சீருடைகளைச் சனிக்கிழமை மாலை ஒரே மூச்சில் தேய்க்கப் பழகினோம். குளிர்பெட்டியை மட்டும் தொடவில்லை. கணவர் ஒருமுறை பேச்சை எடுத்தார். நான் கண்ணைக் காட்டி நிறுத்திவிட்டேன். கையையும் முறித்துவிட்டு, அப்பாவின் பெட்டியையும் வெளியே தூக்கிப் போடுவதா?

இப்படியே இரண்டு மாதம் ஓடியது. ஒருநாள் அம்மாவே தாளை எடுத்துக் கதவில் வைத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். பேரன் சொல்லிக் கொடுத்திருக்கிறான் போலும்.

“இதுக்கும் வயசாயிருச்சும்மா. ஒரு நாளு கூட ஒக்காரல. விட்டுரு, ஓய்வு குடு.”

அந்த வாரமே நட்சத்திர ஒட்டி உள்ள புதிய பெட்டி வந்தது. எரிசக்தி ஆணையத்தின் மஞ்சள் ஒட்டியைப் பார்த்திருப்பீர்கள். நட்சத்திரத்தைவிட, அதில் அச்சிட்டிருக்கும் ஆண்டுப் பயன்பாட்டு எண்ணைப் பாருங்கள் என்பது என் கருத்து. பன்னிரண்டால் வகுத்தால் மாதக் கணக்கு வந்துவிடும். எங்களுடையது மாதம் முப்பது அலகுக்குள் அடங்கியது.

520 அலகு 340 ஆயிற்று. அலகில் மூன்றில் ஒரு பங்குதான் குறைந்தது. பணமோ ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. காரணம் கட்டணத்தின் படிக்கட்டு. 2014 முதல் 2025 நடுப்பகுதி வரை, முதல் 200 அலகுக்கு அலகு ஒன்றுக்கு 21.80 காசு, அடுத்த 100க்கு 33.40, அதற்கு மேல் 600 வரை 51.60. நாங்கள் இறக்கிய 180 அலகும் மேல்படியில் நின்றவை. ஆகவே மாதம் 90 ரிங்கிட்டுக்கு மேல் மிச்சம்.

2025 சூலையிலிருந்து கணக்கு முறை மாறிவிட்டது. இப்போது 1,500 அலகு வரை எரிசக்தி, கொள்ளளவு, கட்டமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து அலகுக்கு 44.43 காசு. சிக்கன ஊக்கத்தொகை என்று அதில் ஒரு கழிவு உண்டு. 200 அலகுக்குள் இருந்தால் அலகுக்கு 25 காசு கழியும். பயன்பாடு ஏற ஏறக் கழிவு தேயும். 600ஐத் தொடும்போது 9 காசுதான். கழிவு உங்கள் மொத்தப் பயன்பாட்டுக்கும் சேர்த்தே குறைகிறது என்பதைக் கவனியுங்கள். 200 அலகு வீட்டுக்கு 39 ரிங்கிட்டுக்கும் சற்றுக் குறைவு. 600 அலகு வீட்டுக்கு 212 ரிங்கிட்டுக்கு மேல். மூன்று மடங்கு மின்சாரத்துக்கு ஐந்தரை மடங்கு காசு! 600ஐத் தாண்டினால் மாதச் சேவைக் கட்டணம் 10 ரிங்கிட்டும் வந்து சேரும்.

இந்தப் படிக்கட்டுகளின் அடியில் இருப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018இல், எங்கள் வீட்டுச் சோதனையை ஐந்தாம் ஆண்டுக் கணிதப் பாடத்தில் செய்யச் சொல்லிப் பிள்ளைகளை வீட்டுச் சீட்டைக் கொண்டுவரப் பணித்தேன். ஒரு மாணவன் கொண்டுவந்த சீட்டில் கட்ட வேண்டிய தொகை சுழியம். 20 ரிங்கிட்டுக்குள் வரும் கட்டணத்தை 2008 அக்டோபர் முதல் அரசாங்கமே ஏற்றுக்கொண்டிருந்த காலம் அது. 20 ரிங்கிட் என்றால் 91 அலகு. பாட்டியோடு வளரும் பையன். அந்த எல்லை தாண்டிவிடக் கூடாதே என்று பாட்டி இரவு எட்டரைக்கே எல்லா விளக்குகளையும் அணைத்துவிடுவாராம். வீட்டுப்பாடம் பாதியில் நிற்பதற்கு அவன் ஒருநாளும் காரணம் சொன்னதில்லை. நானும் அவனை இரண்டு முறை நிற்க வைத்திருக்கிறேன்.

பாட்டியைப் பள்ளிக்கு அழைத்துப் பேசினேன். அவனுக்கு இரவு பத்து வரை ஒரு விளக்கு எரிந்தால் மாதம் அரை அலகுகூடக் கூடாது என்று கணக்கெழுதிக் காட்டினேன். அவருக்கு எழுத்து தெரியாது. அதனால் என் அம்மாவின் கதையைச் சொன்னேன். அது புரிந்தது. மறுவாரம் வீட்டுப்பாடம் முழுதாக வந்தது. அந்த 20 ரிங்கிட் உதவி 2018 இறுதியோடு முடிந்தது. 2019 முதல், ‘இ-காசே’ பட்டியலில் வறுமை நிலையில் பதிவுபெற்ற குடும்பங்களுக்கு மாதம் 40 ரிங்கிட் வரை கழிவு என்று மாறியது. பட்டியலில் இருக்க வேண்டியவர்கள் பலர் அதில் இல்லை. உங்கள் வகுப்பில் அப்படிப்பட்ட குடும்பம் இருந்தால் மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பி வையுங்கள். இயன்றால் உடன் போய்ப் பாரத்தை நிரப்பிக் கொடுங்கள்.

சக்கர மீட்டர் போய் இப்போது எங்கள் வீட்டில் எண் மீட்டர் வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு அதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

அப்பாவின் குளிர்பெட்டியைப் பழைய சாமான்காரர் 50 ரிங்கிட்டுக்குக் கேட்டார். கொடுக்கவில்லை. பின்கட்டில் மின்கம்பி இல்லாமல் நிற்கிறது. அரிசி, பருப்பு, மிளகாய், அப்பளம் எல்லாம் அதற்குள்தான். எறும்பு ஏறாது, எலி நுழையாது என்று அம்மா பெருமையாகச் சொல்கிறார். பொங்கலுக்கு இன்றும் அதற்குப் பொட்டு உண்டு.

காலை நான்கு மணிக்குக் குளியலறை விளக்கு எரிகிறது. கதவிடுக்கில் அந்த வெளிச்சக் கோடு தெரிந்தால் நான் திரும்பிப் படுத்துக்கொள்வேன். மாதாமாதம் சீட்டு வந்ததும் அம்மா தவறாமல் கேட்பார்.

“லைட்டு பில்லு எவ்ளோம்மா?”

“லைட்டுக்கு மட்டும்னா பத்து வெள்ளி கூட இல்லம்மா.”

“ஒங்க சுடுதண்ணிக்கு?” என்பார் அடுத்து.